மொட்டை மாடியிலிருந்து நிலவும் கோள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டு அங்குல விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு நிலவையும் கோள்களையும் படம் எடுத்துவருகிறேன். படங்களைப் பார்ப்பவர்கள் கேட்பவற்றில் பாதி ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பாட வரிசை எதுவும் இல்லை. தேவையானதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

கைபேசியில் நிலவை எடுத்தால் வெள்ளைப் பொட்டாக மட்டும் வருகிறதே, ஏன்?

நிலவு வானத்தில் பிடிக்கும் இடம் வெறும் அரை டிகிரி. கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டிப் பாருங்கள். விரலின் அகலத்துக்குள் இரண்டு நிலவு ஒளிந்துகொள்ளும். ஆகவே படத்தில் நிலவு ஒரு புள்ளி, மற்றதெல்லாம் கருப்பு. கேமரா அந்தக் கருப்பைப் பார்த்துவிட்டு இருட்டு என்று முடிவுகட்டி, ஒளியை அள்ளி அள்ளி வாங்குகிறது. நிலவோ வெயிலில் கிடக்கும் பாறை. அதற்குப் பகல் நேர அளவே போதும். அள்ளிய ஒளியில் அது வெந்து வெள்ளையாகிவிடுகிறது.

திரையில் நிலவின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள். நிலவின் சாம்பல் திட்டுகள் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் கைபேசியை ஒரு தொலைநோக்கியின் அல்லது பைனாகுலரின் ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில், வைத்துத்தான் எடுக்க வேண்டும். கையால் பிடித்தால் பத்துக்கு ஒன்று தேறும். கைபேசியை ஐபீஸோடு இறுக்கிப் பிடிக்கும் தாங்கி ஒன்று வாங்கினால் பத்துக்கு எட்டு தேறும். பொத்தானைத் தொட்டாலே எல்லாம் ஆடும் என்பதால் மூன்று விநாடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கைபேசியில் நூறு மடங்கு ஜூம் இருக்கிறது. கிண்ணக்குழிகள்கூடத் தெரிகின்றன. பிறகு தொலைநோக்கி எதற்கு?

2023-இல் ஒருவர் நிலவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையின் மறுகோடியிலிருந்து அப்படிப்பட்ட கைபேசியால் எடுத்துக் காட்டினார். மங்கிய மூலத்தில் இல்லாத விவரங்கள் எல்லாம் கைபேசிப் படத்தில் இருந்தன. நிலவை அடையாளம் கண்டதும் செயற்கை நுண்ணறிவால் விவரத்தைக் கூட்டுகிறோம் என்று தயாரிப்பாளரே விளக்கமும் கொடுத்தார். நிலவு எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. அதைக் கற்றுக்கொள்வது கணினிக்குச் சுலபம். அது நிலவின் படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் எடுத்த படமா என்பதில்தான் சந்தேகம்.

டிஎஸ்எல்ஆர் கேமராவும் 300 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. என்ன அளவுகள் வைக்க வேண்டும்?

பழைய புகைப்படக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு. பௌர்ணமி நிலவுக்கு அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/11; ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி. பிறை தேயத் தேய ஒளி குறையும். அரை நிலவுக்கு எஃப்/5.6 வரை திறக்கலாம். இது தொடங்கும் இடம்தான். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்து, கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அரை நிலவின் ஒளி முழு நிலவின் ஒளியில் பாதி இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் பத்தில் ஒரு பங்குதான். பக்கவாட்டு வெயிலில் கரடுமுரடான தரை முழுவதும் நிழல் விழுந்துகிடப்பது அதற்குப் பெரிய காரணம்.

சென்சாரில் நிலவு எவ்வளவு பெரிதாக விழும் என்று அறிய, லென்ஸின் மி.மீ. எண்ணை 110-ஆல் வகுங்கள். 300 மி.மீ. லென்ஸில் சுமார் 2.7 மி.மீ.; 600-இல் 5.5 மி.மீ. ட்ரைபாடில் வைத்தபின் லென்ஸின் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடுங்கள். தானியங்கி ஃபோகஸை நம்பாமல், திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, நிலவின் விளிம்பைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள்.

பௌர்ணமி அன்றுதானே நிலவைப் படம் எடுக்க வேண்டும்?

இல்லவே இல்லை. கிண்ணக்குழிகளைக் காண விரும்புபவருக்குப் பௌர்ணமியைவிட மோசமான நாள் கிடையாது. அன்று சூரியன் நம் முதுகுப் பக்கத்திலிருந்து நேராக நிலவின் மேல் அடிக்கிறது. நிழலே இல்லை. நண்பகலில் எடுத்த மனித முகம் போலத் தட்டையாக இருக்கும். டைக்கோ கிண்ணக்குழியிலிருந்து நாலா பக்கமும் ஓடும் வெள்ளைக் கதிர்களைப் பார்க்க மட்டும் அது நல்ல நாள்.

நிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் விருந்து இருக்கிறது. அங்கே அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. மலைகளின் நிழல் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும். அந்தக் கோடு தினமும் நகர்வதால் ஒவ்வோர் இரவும் வேறு ஊர் வெளிச்சத்துக்கு வருகிறது. இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் திதி போதும். ஒரு திதி என்பது சூரியனிடமிருந்து நிலவு 12 டிகிரி விலகும் காலம். வளர்பிறை அஷ்டமி 84 டிகிரியில் தொடங்கி 96-இல் முடிகிறது. சரிபாதி நிலவான 90 டிகிரி அதன் நட்டநடுவில் இருக்கிறது. ஜோதிடத்தில் அஷ்டமியை ஒதுக்குவார்கள். என் மாடியில் அதுதான் சுப தினம்.

வளர்பிறை பஞ்சமி, சஷ்டியில் தியோஃபிலஸ், சிரிலஸ், காத்தரினா என்ற மூன்று பெரிய கிண்ணக்குழிகள் ஒரே வரிசையில் வெளிச்சத்துக்கு வரும். அஷ்டமியை ஒட்டி, சில மணி நேரம் மட்டும், இருட்டுப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி ஒளிரும். பிளாஞ்சினஸ், லா காயில், பர்பாக் என்ற மூன்று கிண்ணக்குழிகளின் விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் வெயில் படுவதால் வருவது அது. நவமியில் நேர்ச்சுவர்: ஏறத்தாழ 110 கி.மீ. நீளத்துக்குக் கோடு கிழித்தது போன்ற ஒரு சரிவு. தசமி வாக்கில் 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ், அதன் படிக்கட்டுச் சுவர்களோடு. ஒரு வளர்பிறையை முழுதாக விடாமல் எடுத்துப் பாருங்கள், நிலவின் நிலப்படம் மனதில் ஏறிவிடும்.

கோபுரத்துக்குப் பின்னால் மிகப் பெரிய நிலவு எழுவது போன்ற படங்கள் உண்மையா?

உண்மையாகவும் எடுக்கலாம், கணினியில் ஒட்டியும் செய்யலாம். உண்மைப் படத்தின் ரகசியம் தூரம். நிலவின் அளவு மாறாது. நீங்கள் பின்னால் போகப் போகக் கோபுரம்தான் சிறிதாகும். ஒரு பொருளின் உயரத்தை 110-ஆல் பெருக்கினால் வரும் தூரத்தில் நின்றால் அது நிலவின் அளவுக்குச் சமமாகத் தெரியும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். நிலவோடு சமமாக வேண்டுமென்றால் எட்டுக் கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் நின்றால் நிலவு கோபுரத்தின் கால் பங்கு உயரம் இருக்கும்; என் கண்ணுக்கு அதுதான் அழகு.

நிலவு எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எழும் என்பதை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய மாலை நல்லது. சூரியன் மறையும் முன்பே நிலவு எழுந்துவிடுவதால் கோபுரமும் நிலவும் ஒரே ஒளியளவில் கிடைக்கும். கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி மாலை ஒரு பக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலவு எழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுவதும் இந்தக் கணக்கால்தான்.

அடிவானத்து நிலவு பெரிதாகத் தெரிவது கண்ணின் மயக்கம். தலைக்கு மேல் இருக்கும்போதைவிட அப்போது அது நமக்குப் பூமியின் ஆரம் அளவுக்குத் தள்ளியே இருக்கிறது. ஒன்றரை சதவீதம் சிறியதும்கூட.

சந்திரயான்-3 இறங்கிய இடத்தைப் படம் எடுக்க முடியுமா?

இடத்தை எடுக்கலாம். கலத்தை எடுக்க முடியாது. எட்டு அங்குலத் தொலைநோக்கியால் நிலவில் பிரித்துக் காண முடிந்த மிகச் சிறிய அளவு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விக்ரம் லேண்டர் இரண்டு மீட்டர் அளவுள்ளது. அதைப் பூமியிலிருந்து பார்க்க நூறு மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள ஆடி வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. ஆனால் 2023 ஆகஸ்ட் 23 அன்று அது இறங்கிய தென்முனைப் பகுதியில் மான்சினஸ் என்ற பெரிய கிண்ணக்குழி இருக்கிறது. சுமார் 98 கி.மீ. அகலம். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் விரலை வைத்து ‘இங்கே’ என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். நான் காட்டியிருக்கிறேன், அவர்களுக்கு அது போதுமாயிருந்தது.

அதே லென்ஸில் வியாழனும் சனியும் வருமா?

கோளின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு டிகிரியில் 3600 வில்விநாடிகள். நிலவு சுமார் 1865 வில்விநாடி. மிகப் பெரிதாகத் தெரியும்போதும் வியாழன் 50-ஐ எட்டுவதே அபூர்வம். சாதாரணமாக 45 என்று வையுங்கள். நிலவின் குறுக்களவில் நாற்பதில் ஒரு பங்கு. சனியின் வளையங்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏறத்தாழ அதே அளவு. உள்ளே இருக்கும் உருண்டை 20-க்குள் அடங்கிவிடும். ஆகவே 600 மி.மீ. லென்ஸில் நிலவு 1350 பிக்சல் அகலம் விழும் கேமராவில் வியாழன் 33 பிக்சல்தான். நான் முதன்முதலில் எடுத்த சனி, சற்றே நீண்ட வெள்ளை எள் போல இருந்தது. சனிக்கு எள் பொருத்தம்தான் என்று வீட்டில் சிரித்தார்கள்.

லென்ஸில் செய்யக்கூடிய அருமையான வேலை ஒன்று உண்டு: வியாழனின் நான்கு பெரிய நிலவுகள். 300 மி.மீ., ஐஎஸ்ஓ 800, அரை விநாடி. வியாழன் வெந்து வெள்ளையாகிவிடும், போகட்டும். இருபுறமும் ஒரே கோட்டில் புள்ளிகள் தெரியும். அயோ 1.77 நாளிலும் கலிஸ்டோ 16.7 நாளிலும் வியாழனைச் சுற்றிவருகின்றன. இரண்டு வாரம் தினமும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், 1610 ஜனவரியில் கலிலியோ வரைந்து வைத்தது உங்கள் கையிலும் வந்துவிடும்.

ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நிலவின் அளவுக்குத் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

2003-ஆம் ஆண்டின் செய்தி அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குப் பூமிக்கு அருகே வந்தது உண்மை. அப்போதும் அது 25 வில்விநாடிதான். ‘தொலைநோக்கியில் 75 மடங்கு பெரிதாக்கினால், வெறும் கண்ணில் தெரியும் நிலவின் அளவுக்கு இருக்கும்’ என்ற வாக்கியத்தின் முன்பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள். ஆண்டுதோறும் தலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய் 26 மாதத்துக்கு ஒருமுறை எதிர்நிலைக்கு வருகிறது. அதாவது பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் கோளும் நேரெதிரே நிற்கும். எல்லா எதிர்நிலையும் ஒன்றல்ல. 2027 பிப்ரவரி 19 அன்று வருவதில் 14 வில்விநாடிகூட இராது. 2035 செப்டம்பரில் 24-க்கு மேல். அதற்காக எட்டு ஆண்டு சும்மா இருக்க வேண்டியதில்லை. 14-லும் முனைப் பனியையும் கருந்திட்டுகளையும் எடுக்கலாம். அதே பிப்ரவரியில் வியாழனும் எதிர்நிலைக்கு வருகிறது; நம் ஊரில் வானம் தெளிவாக இருக்கும் மாதம் வேறு.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

‘675 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள். பெரிதாக்கம் ஐபீஸை மாற்றினால் மாறுவது. கேட்க வேண்டியது ஆடியின் விட்டம். அதற்கடுத்து, தாங்கி உறுதியானதா என்பது. ஆறு அல்லது எட்டு அங்குல டாப்சோனியன் என் பரிந்துரை. மரப்பெட்டிமேல் குழாயை வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் எளிய அமைப்பு. கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை. மோட்டார் உள்ள தாங்கி வேலையைச் சுலபமாக்கும், செலவைக் கடினமாக்கும்.

எல்லோரும் புகைப்படம் எடுக்காமல் வீடியோ எடுக்கிறார்களே?

கிணற்றின் அடியில் கிடக்கும் நாணயத்தை மேலிருந்து பாருங்கள். தண்ணீர் அலையும்போது நாணயம் நெளியும், உடையும், கலங்கும். இடையில் ஒரு கணம் தண்ணீர் நின்றதும் நாணயத்தின் தலைகூடத் தெரியும். நமக்கு மேலே உள்ள காற்று அந்தத் தண்ணீர். ஒரே ஒரு படம் எடுத்தால் அது நெளிந்த கணமாகத்தான் இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் விநாடிக்கு நூறு வீதம் 9000 ஃப்ரேம் எடுத்தால் அவற்றில் சில நூறாவது காற்று நின்ற கணங்களாக இருக்கும். அவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் புள்ளிகள்) அடங்கி விவரம் மேலே வருகிறது. குறுகிய நேரப் படங்களில் இப்படி நல்ல கணம் வாய்ப்பதற்கான நிகழ்தகவை 1978-இல் டேவிட் ஃபிரைட் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். ‘அதிர்ஷ்டப் படம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பொறுக்கி அடுக்கும் வேலைக்கு ஆட்டோஸ்டாக்கர்ட், அதன்பின் கூர்மையாக்க ரெஜிஸ்டாக்ஸ். இரண்டும் இலவசம். ஃப்ரேம்களில் சிறந்த 10 முதல் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வது என் வழக்கம்; காற்று மோசமான இரவில் இன்னும் குறைவு.

உங்கள் அமைப்பும் அளவுகளும் என்ன?

எட்டு அங்குலம், 1200 மி.மீ. குவியத் தூரம், எஃப்/6. கோள்களுக்கான சிறிய வண்ணக் கேமரா, பிக்சல் 2.9 மைக்ரான். பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கி வரும் எஃப் எண்ணில் எடுத்தால் தொலைநோக்கியின் திறன் முழுவதும் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து முறை 2.9 என்றால் 14.5. ஆகவே குவியத் தூரத்தை 2.5 மடங்கு நீட்டும் பார்லோ லென்ஸ் போட்டு எஃப்/15 ஆக்கிக்கொள்கிறேன். வியாழன் சுமார் 225 பிக்சல் அகலத்தில் விழுகிறது. ஷட்டர் வியாழனுக்கு 5 முதல் 10 மில்லிவிநாடி. சனி மங்கல், 20-க்கு மேல் போகும். ஃபயர்கேப்ச்சர் மென்பொருளில் கோளைச் சுற்றிச் சிறிய சட்டம் மட்டும் பதிவு செய்தால் வேகமும் கூடும், கோப்பும் சிறுக்கும். சிறுக்கும் என்றாலும், 640-க்கு 480 சட்டத்தில் 9000 ஃப்ரேம் ஏறத்தாழ 2.8 ஜிபி. வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வண்ணக் கேமராவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி கட்டாயம், இல்லாவிட்டால் நிறம் கெட்டுப்போகும்.

வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் பதிவு செய்தால் அதன் பட்டைகளில் உள்ள விவரம் இழுபடும். வியாழனின் பெரிய சிவப்புப் புயலான பெருஞ்செம்புள்ளி தெரியவில்லையே என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: அது அப்போது மறுபக்கம் இருந்திருக்கும். மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

மோட்டார் இல்லாத டாப்சோனியனில் கோள் ஓடிவிடுகிறதே?

விநாடிக்கு 15 வில்விநாடி ஓடும். என் சட்டத்தின் முழு அகலத்தைக் கடக்க எட்டரை விநாடி. கோளைச் சட்டத்துக்கு வெளியே கிழக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். தானாக உள்ளே வந்து மறு ஓரம் போகட்டும். திரும்ப இழுத்து வையுங்கள். ஐந்தாறு முறை செய்து எல்லாத் துண்டுகளையும் பிப் என்ற மென்பொருளில் கொடுத்தால் கோளை நடுவில் நிறுத்திக் கொடுக்கும். தள்ளும்போது பதிவான ஃப்ரேம்கள் எப்படியும் கழிபடும். முதல் இரண்டு ஆண்டு நான் இப்படித்தான் எடுத்தேன். முழங்கால்தான் வலிக்கும்.

ஃபோகஸ் சரியாக இருந்தும் படம் கொதிக்கிறது. என்ன தவறு?

தவறு கருவியில் இல்லை, காற்றில். இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுத விரும்புகிறேன். மற்றவையெல்லாம் காசு கொடுத்தால் தீரக்கூடியவை.

முதலில் காலடியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணிக்கும் கனன்றுகொண்டிருக்கும். அந்தச் சூடு தொலைநோக்கியைச் சுற்றி எழும்பும்போது கோள் அடுப்புக்கு மேல் தெரிவது போல ஆடும். அந்தி மங்கியதும் நாலைந்து குடம் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிவிடுங்கள். வீட்டுக்குள்ளும் புழுக்கம் குறையும், கேட்பவர்களிடம் காரணம் சொல்லவும் வசதி. புல்லோ மண்ணோ உள்ள கொல்லை இருந்தால் மாடியைவிட அதுவே மேல். நள்ளிரவுக்குப் பின் எடுப்பது இன்னும் மேல். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மலைக்கோட்டை. மரமில்லாத மொட்டைப் பாறை, பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்குகிறது. கோள் அந்தப் பக்கம் இருக்கும்வரை நான் கேமராவைத் தொடுவதில்லை.

இரண்டாவது, குளிர்சாதன அறை. ஒருமுறை தொலைநோக்கியைப் படுக்கையறையில் வைத்திருந்து, மழை விட்ட ஐப்பசி இரவில் நேராக மாடிக்குத் தூக்கிப்போனேன். ஐந்தே நிமிடத்தில் ஆடி முழுவதும் முத்து முத்தாக நீர். துடைக்கக் கூடாது, கீறல் விழும். காத்திருந்து காயவிட்டதில் வியாழன் மேற்கே இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அது மாடிப்படி அறையில்தான் குடியிருக்கிறது.

மூன்றாவது உயரம். கோள் அடிவானத்துக்கு அருகில் இருந்தால் அதன் ஒளி பல மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். நெளிவதோடு மேலே ஒரு நீல ஓரம், கீழே ஒரு சிவப்பு ஓரம் என்று வண்ணமும் பிரியும். இங்கேதான் நமக்கு ஒரு பெரும் கொடை இருக்கிறது. கோள்கள் எல்லாம் சூரியன் போகும் பாதையை ஒட்டியே போகின்றன. திண்டுக்கல் அட்சரேகை 10.4 டிகிரி. ஆகவே எந்தக் கோளானாலும், வானத்தில் அதன் இருப்பு எவ்வளவு தெற்கே போனாலும், உச்சிக்கு வரும்போது ஏறத்தாழ 55 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். 2019, 2020-இல் வியாழன் லண்டனில் 20 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. அங்கே விலையுயர்ந்த கருவி வைத்திருந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல் அதைத் தேடிக்கொண்டிருந்த மாதங்களில், நமக்கு அது நல்ல உயரத்தில் நின்றது.

பிலிப்பைன்ஸின் செபு நகரம் கிட்டத்தட்ட திண்டுக்கல்லின் அட்சரேகையிலேயே இருக்கிறது. அங்கிருந்து படம் எடுக்கும் கிறிஸ்டோபர் கோ தொழில்முறை வானியலாளர் அல்லர். வியாழனில் வெள்ளையாக இருந்த ஒரு புயல் சிவப்பாக மாறிவிட்டதை 2006 பிப்ரவரியில் அவர்தான் கண்டுபிடித்தார். 2010 ஜூன் 3 அன்று வியாழனில் ஏதோ மோதி இரண்டு விநாடி மின்னியதை ஆஸ்திரேலியாவின் ஆந்தனி வெஸ்லியும் அவரும் ஒரே நேரத்தில் பதிவு செய்திருந்தார்கள். வீடியோ எடுத்துவிட்டு நன்றாக வரவில்லை என்று அழிப்பவர்கள் அழிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். கோள் சரியாகத் தலைக்கு மேல் வந்தால் டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. குழாய் செங்குத்தாக நிற்கும்போது எந்தப் பக்கம் தள்ளுவது என்று கைக்கே தெரியாது. உச்சிக்கு வருவதற்கு அரை மணி முன்பே எடுத்துவிடுங்கள்.

ஊர் விளக்கு வெளிச்சத்தில் எடுக்க முடியுமா?

தாராளமாக. நிலவும் கோள்களும் தெருவிளக்குக்கு அஞ்சுபவை அல்ல. இருண்ட வானம் விண்மீன் கூட்டங்களுக்கும் நெபுலா என்னும் விண்வெளி மேகங்களுக்கும்தான் தேவை.

சனியின் வளையம் பழைய படங்களில் அகலமாக இருக்கிறது, என் படத்தில் மெலிந்து இருக்கிறதே?

சனி சூரியனைச் சுற்ற 29 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் இரண்டு முறை வளையங்கள் நமக்கு விளிம்பு காட்டி நிற்கும். 2025 மார்ச் 23 அன்று அப்படி நின்றது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 2032 வாக்கில் முழுதாக விரியும். நமக்கு வேறொரு வருத்தமும் உண்டு. 2026-இல் சனியின் எதிர்நிலை அக்டோபர் 4; அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் தள்ளிப்போகிறது. வடகிழக்குப் பருவமழை வந்து மூடிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் நள்ளிரவு தாண்டி விழித்திருப்பவர்களுக்கே சனி.

வெள்ளியை எடுத்தால் வெறும் வெள்ளையாக இருக்கிறது.

அதன் மேகங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளைதான். புற ஊதா வடிகட்டியும் அதை வாங்கும் கேமராவும் இருந்தால் மேக வரிகள் தெரியும். இல்லாவிட்டால் பிறை வடிவத்தை எடுங்கள், அதுவே அழகு. ஆனால் ஓர் எச்சரிக்கை: சூரியன் வானில் இருக்கும்போது வெள்ளியையோ புதனையோ தொலைநோக்கியால் துழாவித் தேடாதீர்கள். ஒரு கணம் சூரியன் உள்ளே வந்தால் கண் போய்விடும். பகலில் குழாயை மூடாமல் மாடியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கூர்மையும் வண்ணமும் கூட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

காற்று மழுங்கடித்ததை மீட்கும் வரை கூர்மையாக்கலாம். அதற்கு மேல் போனால் இல்லாத வரிகள் முளைக்கும். வியாழனின் ஓரத்தில் வெங்காயத் தோல் போல ஒரு கோடு வந்தால் கையை நிறுத்துங்கள். நிலவில் வண்ணத்தைக் கூட்டினால் அமைதிக் கடல் நீலமாகவும் பக்கத்துச் சமவெளி செம்பழுப்பாகவும் வரும். அது பொய்யல்ல, நீலம் டைட்டானியம் மிகுந்த பாறை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வேறுபாட்டை உரக்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். எவ்வளவு கூட்டினோம் என்று படத்தின்கீழ் எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். வெள்ளிக் கோளின் படத்தின் மீது நெபுலாவை ஒட்டி ‘நேற்றிரவு எங்கள் ஊரில்’ என்று போடுபவர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை.

சந்திர கிரகணத்தை எப்படி எடுப்பது?

முழுக் கிரகணத்தில் நிலவின் ஒளி ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிடும். பௌர்ணமிக்கு 1/100 விநாடி கொடுத்தவர், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 வைத்து ஒரு விநாடி வரை போக வேண்டியிருக்கும். நிலவு நகர்வதால் ட்ரைபாடில் நீண்ட லென்ஸ் வேண்டாம், 200 மி.மீ. போதும். 2028 டிசம்பர் 31 இரவு முழுக் கிரகணம் நமக்குத் தெரியும். உச்சம் இந்திய நேரம் பத்தரை மணிக்குச் சற்று முன்னால். பட்டாசுப் புகை எழும்புவதற்குள் எடுத்துவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வானமே திறப்பதில்லை. அப்போது என்ன செய்வீர்கள்?

வன்தட்டில் கிடக்கும் பழைய வீடியோக்களை எடுத்து மறுபடியும் அடுக்குவேன். சென்ற ஆண்டு சுமார் என்று ஒதுக்கியதில் இந்த ஆண்டு நல்ல படம் கிடைத்திருக்கிறது. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் பருவம் அது. ஐபீஸ்களையும் பார்லோவையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைப்பேன். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் பழையபடி ஆகிவிடும். அதற்கென்று ஒரு பழைய வாணலியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இதைச் சற்றுத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.